பிறந்த மண்ணும் வளர்த்த களமும்

1930-ஆம் ஆண்டில், லண்டன் ஆர்சனல் கழகத்தின் மேலாளராயிருந்த ஹெர்பர்ட் சாப்மன், வியன்னா நகரத்துக் கோல் காவலர்களிலே பெரும் பெயர் பெற்றிருந்த ரூடி ஹிடன் என்பவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொள்ள விரும்பி, அவருடைய கழகத்தோடு விலையும் பேசி முடித்து, அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்தபோது, டோவர் துறைமுகத்தில் இருந்த குடியேற்ற அதிகாரிகள் அவரை உள்ளே விடாமல் வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்நாட்டு ஆட்டக்காரன் பார்க்கக்கூடிய வேலைக்கு அந்நியன் ஒருவனைத் தருவிப்பானேன் என்பது தொழில் அமைச்சின் வாதம். ஆட்டக்காரர்களின் சங்கமும் அதையே சொல்லிற்று. அடுத்த ஆண்டே ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், பிரிட்டிஷ் பிரஜை அல்லாத ஒருவர் இரண்டு ஆண்டுகள் அந்நாட்டில் வசித்த பின்பே தொழில்முறை ஆட்டக்காரராகலாம் என்று ஒரு விதியை இயற்றியது. சம்பளமில்லாமல் இரண்டு ஆண்டு காத்திருக்க எந்த ஆட்டக்காரன் வருவான்? ஆகவே அவ்விதி பெயரளவில் வாசத்தைப் பற்றியதாயினும், காரியத்தில் கதவடைப்பாகவே 47 ஆண்டுகள் நிலைத்திருந்தது. 1978-இல் அது நீங்கிய கோடையிலேயே, உலகக் கோப்பையை வென்று நின்ற அர்ஜென்டினாவிலிருந்து ஆர்டிலஸ், வில்லா என்னும் இருவரையும் டாட்டன்ஹாம் கழகம் அழைத்துக்கொண்டது.

ஒரு கழகத்துக்கு உரியவன் யார் என்னும் கேள்வியை இங்கிலாந்து வாசத்தைக் கொண்டு தீர்மானித்ததென்றால், லத்தீன் நாடுகள் அதை ரத்தத்தைக் கொண்டு தீர்மானித்தன. 1926-இல் வியாரெஜ்ஜோ நகரில் வகுக்கப்பட்ட சாசனத்தின்படி இத்தாலி தன் கழகங்களிலிருந்த ஹங்கேரியரையும் ஆஸ்திரியரையும் வெளியேற்றியது. வெளியேற்றிய கையோடு, இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தோரின் சந்ததியார் இத்தாலியரே என்று சொல்லித் தென்னமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைத் தருவித்தது. 1934-இல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியில் லூயிஸ் மோன்டி, ஓர்சி, குவைத்தா ஆகிய மூவரும் அர்ஜென்டினாவிற் பிறந்தவர்கள். அவர்களுள் மோன்டி நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அர்ஜென்டினாவின் சட்டையணிந்து உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியவர் என்பதை நினைக்கும்போது, தேசாபிமானம் எவ்வளவு சௌகரியமான வஸ்து என்று வியக்கத் தோன்றுகிறது. தோல்வி வந்தபோதெல்லாம் இந்நாடுகள் அந்நியன்மேல் பழிபோட்டுக் கதவைச் சாத்தின. 1962-இல் சிலியில் தோற்றுத் திரும்பிய ஸ்பெயின் 1973 வரையிலும், 1966-இல் வடகொரியாவிடம் ஒரு கோலில் தோற்று அவமானப்பட்ட இத்தாலி 1980 வரையிலும் அந்நிய ஆட்டக்காரரைப் புதிதாகக் கொள்ளவில்லை. ஸ்பெயினில் அக்காலத்திலும் தென்னமெரிக்கர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஸ்பானிய மூதாதையருக்குப் பிறந்தவர்களென்று காட்டும் காகிதங்கள் அவர்கள் கையில் இருந்தன, அவற்றிற் பல பொய்க் காகிதங்கள் என்பதுதான் விசேஷம்.

இங்ஙனம் வாசமும் ரத்தமும் ஆட்சி செய்துகொண்டிருந்த காலத்தில், 1957-இல் ரோம் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளின் தொழிலாளர் எவரும் எங்கும் சென்று வேலை செய்யலாமென்றும், பிறநாட்டவர் என்பதற்காக வேற்றுமை பாராட்டலாகாதென்றும் விதித்திருந்தது. பந்தாட்டமும் ஒரு வேலைதானா என்பது நெடுநாள் யாரும் எழுப்பாத சந்தேகம். 1974-இலும் 1976-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு வழக்குகளில், கூலி பெற்று ஆடுபவன் தொழிலாளியே என்று தெளிவாகச் சொல்லியும், கால்பந்தை ஆண்டவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. யுஇஎஃப்ஏ என்னும் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் 1991-இல் ஐரோப்பிய ஆணையத்தோடு ஒரு சமரசம் செய்துகொண்டு, ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று அந்நியரை இறக்கலாம், அவர்களோடு ‘உள்வாங்கப்பட்டவர்’ என்னும் வகையைச் சேர்ந்த இருவரையும் இறக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. அந்நாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆடியவரும், அந்த ஐந்தில் மூன்றை இளையோர் அணியிற் கழித்தவருமே உள்வாங்கப்பட்டவர். பின்னாளில் வந்த பெரிய விதிக்கு வித்து இந்தச் சிறிய உபவிதியில்தான் கிடந்தது என்பதை அன்று யாரும் அறியவில்லை. பிறப்பையும் ரத்தத்தையும் விட்டுவிட்டு, ஒருவன் இளம்பருவத்தில் எங்கே ஆட்டம் கற்றான் என்று கேட்ட முதல் விதி இதுவே எனலாம்.

அந்த ஏற்பாட்டின் விபரீதம் விரைவிலேயே பிரத்தியட்சமாயிற்று. பிரிட்டன் அரசியலில் ஒரே நாடாயினும் கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு சங்கங்களாகப் பிரிந்திருப்பது. ஆதலால் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் அந்நியரே. வேல்ஸ் நாட்டவரான ரையன் கிக்ஸ் சிறுவயதிலிருந்தே மான்செஸ்டரில் வளர்ந்தவராதலின் உள்வாங்கப்பட்டவர் கணக்கில் தப்பினார். 1994 நவம்பரில் பார்சிலோனாவில் ஆடச் சென்ற அவ்வணி, டென்மார்க் தேசத்தவரான தன் மகா காவலர் ஷ்மைக்கேலை அந்நியர் எண்ணிக்கையைக் காக்கும்பொருட்டுப் புறத்தே உட்காரவைத்து, கேரி வால்ஷ் என்னும் ஆங்கிலேயரைக் கோலில் நிறுத்தி, நான்கு கோல்கள் வாங்கிக்கொண்டு ஒன்றுமின்றித் திரும்பிற்று.

இவ்வளவையும் கவிழ்த்தவர் பெல்ஜியத்தில் இரண்டாந்தர ஆட்டக்காரர் ஒருவர். ழான்-மார்க் போஸ்மன் லியேஜ் கழகத்தில் மாதம் 1,20,000 பிராங்க் பெற்று ஆடிக்கொண்டிருந்தார். 1990 ஜூனில் ஒப்பந்தம் முடியவிருந்தபோது, கழகம் இனி மாதம் 30,000 பிராங்கே தரமுடியுமென்றது. அவர் இணங்கவில்லை. கழகம் அவரை விற்பனைப் பட்டியலிற் சேர்த்து, அவரைப் பயிற்றுவித்ததற்கு ஈடாக 1 கோடியே 17 லட்சத்து 43 ஆயிரம் பிராங்க் என்று விலை குறித்தது. அந்த விலைக்கு ஆள் வராமற் போகவே, எல்லைக்கு அப்பால் பிரான்ஸிலுள்ள டன்கிர்க் கழகத்தோடு ஓர் ஏற்பாடு உருவாயிற்று. டன்கிர்க்குக்குப் பணம் கட்டும் வகையுண்டா என்று லியேஜ் ஐயுற்று, அவர் வெளிநாடு செல்லுதற்குரிய சான்றிதழைத் தருவிக்காமலே விட்டதோடு, அவரை ஆடவும் விடாமல் இடைநிறுத்தம் செய்தது. ஒப்பந்தம் முடிந்த மனிதன் வேறிடம் போகவும் முடியாமல் இருந்த இடத்தில் ஆடவும் முடியாமல் நின்ற இந்நிலையை, அடிமைத்தனம் என்று சொல்லக் கூசுவோர் வேறு என்ன பெயரிடுவார்களோ அறியேன்.

போஸ்மன் வழக்காடினார், ஐந்து ஆண்டுகள் வழக்காடினார். 1995 டிசம்பர் 15-ஆம் நாள் லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 31. ஆட்ட வாழ்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விலை கேட்கலாகாது என்பது தீர்ப்பின் ஒரு பாதி. ஐரோப்பியப் பிரஜைகளுக்குள் அந்நியர் என்று எண்ணிக்கை வரம்பு வைக்கலாகாது என்பது மற்றொரு பாதி. நம் விஷயத்துக்குப் பிரதானமானது அதுவே. கழகம் தன் நாட்டோடு பந்தமுடையது, ஆகையால் அந்நாட்டார்க்கு அதில் முதலிடம் வேண்டும் என்று சம்மேளனத்தார் வாதித்தபோது நீதிபதிகள் சொன்ன விடையில் உள்ள தர்க்கம் ரசிக்கத்தக்கது. கழகத்துக்குத் தன் நாட்டோடுள்ள பந்தத்தைவிடத் தன் ஊரோடும் வட்டாரத்தோடும் உள்ள பந்தம் சிறியதன்று. அங்ஙனமிருக்க வேற்றூரான் ஆடுவதை யாரும் தடுக்கவில்லையே, வேற்று நாட்டானை மாத்திரம் தடுப்பானேன் என்பது அவர்களுடைய கேள்வி. அதே தீர்ப்பில் அவர்கள் மற்றொரு வாக்கியமும் எழுதி வைத்தார்கள்: இளம் ஆட்டக்காரரைச் சேர்த்துப் பயிற்றுவிப்பதை ஊக்குவிப்பது நியாயமான நோக்கமே என்று. கோட்டையைத் தகர்த்தவர்களே ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

தீர்ப்புக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் நடந்ததை விரிக்க வேண்டுவதில்லை. 1967-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் அணியின் பதினொருவரும் கிளாஸ்கோ நகரைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 1999 டிசம்பர் 26-இல் செல்ஸி கழகம் சௌதாம்ப்டனில் இறக்கிய பதினொருவருள் பிரிட்டிஷார் ஒருவர்கூட இல்லை. 2001 ஏப்ரலில் ஜெர்மனியின் கோட்புஸ் கழகமும், 2005 பிப்ரவரியில் ஆர்சனலும் அதே வழியில் சென்றன. ஆர்சனல் மாற்று ஆட்டக்காரர் உட்படப் பதினாறு பேரையும் வெளிநாட்டவராகவே கொண்டுவந்து, கிரிஸ்டல் பாலஸை 5-1 என்று தோற்கடித்தது. வெற்றி பெற்ற கழகத்தின் அன்பர்கள் இதனால் மனம் வருந்தினார்கள் என்பதற்குச் சான்றில்லை. வருந்தியவர்கள் தேசிய அணிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும், பணமில்லாத கழகங்களை நடத்தியவர்களுமே.

அதே பிப்ரவரியில் யுஇஎஃப்ஏவின் செயற்குழு தன் புதிய விதியை ஏற்று, ஏப்ரலில் எஸ்தோனியத் தலைநகர் டாலினில் கூடிய மாநாட்டில் 52 நாட்டுச் சங்கங்களின் ஒப்புதலையும் பெற்றது. ஒருவன் எந்தத் தேசத்தவன் என்று அவ்விதி எங்கும் கேளாதபடி எழுதியதே எழுதியவர்களின் சாமர்த்தியம். ஐரோப்பியக் கோப்பைகளுக்காக ஒரு கழகம் பதிவு செய்யும் பிரதானப் பட்டியலில் 25 பேர் இருக்கலாம். அவர்களில் எட்டு இடம் உள்ளே வளர்ந்தவர்களுக்கென்று ஒதுக்கப்படும். 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று ஆண்டுகள், தொடர்ந்தோ விட்டுவிட்டோ, அதே கழகத்தில் பதிவு பெற்றிருந்தவர் கழகத்தில் வளர்ந்தவர். அதே நாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த வேறு கழகத்தில் அங்ஙனம் இருந்தவர் சங்கத்தில் வளர்ந்தவர். எட்டில் நால்வரேனும் முதல் வகையாராக இருத்தல் வேண்டும். 2006-07 பருவத்தில் நான்கு, அடுத்த பருவத்தில் ஆறு, அதற்கடுத்த 2008-09-இல் எட்டு எனப் படிப்படியாக அது நடைமுறைக்கு வந்தது.

அபராதமும் நூதனமானது. கழகத்தில் வளர்ந்தவர் இருவரே இருந்தால், காலியான இரண்டு இடங்களை வேறெவரைக் கொண்டும் நிரப்ப முடியாது; பட்டியல் 23 ஆகச் சுருங்கும், அவ்வளவே. பட்டியலில் இருப்பவர் களத்தில் இறங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எட்டுப் பேரையும் பருவம் முழுவதும் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தாலும் விதி மீறப்படுவதில்லை. இதையே காரணமாகக் காட்டி விதியைப் பல்லில்லாதது என்று பழித்தவர்கள் உண்டு. பல்லில்லாமையே அதை நீதிமன்றத்திலிருந்து இத்தனை காலம் காத்தது என்பது என் கருத்து. 2008 மே மாதத்தில் ஐரோப்பிய ஆணையம், இவ்விதி மறைமுகமாக நாட்டவருக்குச் சாதகமாகலாமாயினும் நோக்கத்துக்கு மிஞ்சியதன்று என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டது. அதே மாதத்தில் ஃபிஃபா தலைவர் பிளாட்டர், ஆட்டம் தொடங்கும்போது களத்தில் ஆறு பேர் உள்நாட்டுத் தேசிய அணிக்கு ஆடத் தகுதியுடையவராயிருத்தல் வேண்டுமென்னும் திட்டத்தைச் சிட்னி மாநாட்டில் தூக்கிப் பிடித்தார். பிரஜாவுரிமையை வெளிப்படையாகச் சொன்ன அத்திட்டம் ஐரோப்பியச் சட்டத்தில் மோதி இரண்டே ஆண்டில் மடிந்தது.

புதிய விதி பிறப்பை எப்படித் தலைகீழாக்கிற்று என்பதை இரண்டு மனிதர்களைக் கொண்டு காணலாம். செஸ்க் ஃபாப்ரெகாஸ் கத்தலோனியாவிற் பிறந்து பார்சிலோனாவின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, 2003-இல் தம் பதினாறாம் வயதில் ஆர்சனலுக்குச் சென்றவர். ஸ்பெயினுக்காக உலகக் கோப்பை வென்றவர். ஆயினும் 2014-இல் செல்ஸிக்கு ஆட வந்தபோது அவர் இங்கிலாந்தில் வளர்ந்தவர். எரிக் டயர் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்து, சிறுவயதில் போர்ச்சுக்கலுக்குச் சென்று, லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் ஆட்டம் கற்றவர். இடையில் எவர்ட்டனில் கடனாகக் கழித்த ஒன்றரை ஆண்டு மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போதவில்லை. 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இங்கிலாந்தைக் காப்பாற்றிய கடைசிப் பெனால்ட்டியை அடித்தவர் அவரே. ஆயினும் டாட்டன்ஹாமின் பட்டியலில் அவர் வெளியே வளர்ந்தவராகவே இருந்தார். இங்கிலாந்தின் முதல் வகுப்பாகிய பிரீமியர் லீக் 2010-11 பருவத்தில் ஏற்படுத்திக்கொண்ட சொந்த விதி இது: 21 வயதைக் கடந்தோர் 25 பேர் கொண்ட பட்டியலில் வெளியே வளர்ந்தவர் 17 பேருக்கு மேற்படலாகாது, இங்கிலாந்திலோ வேல்ஸிலோ எந்தக் கழகத்தில் வளர்ந்திருந்தாலும் உள்ளே வளர்ந்தவரே. யுஇஎஃப்ஏ கேட்டதுபோல் சொந்தக் கழகத்தில் வளர்ந்த நால்வரை அது கேட்கவில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பார்சிலோனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போக முடியாது. 1702-இல் கட்டப்பட்ட ஒரு பண்ணை வீட்டை, 1979 முதல் வெளியூர்ச் சிறுவர்களின் விடுதியாக்கி, லா மாசியா என்ற பெயரோடு அக்கழகம் நடத்திவந்தது. ரொசாரியோ நகரத்திலிருந்து 2000-ஆம் ஆண்டில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக வந்த மெஸ்ஸியை அக்கழகத்தார் தத்துப் பிள்ளையென்று எண்ணியதாகத் தெரியவில்லை. விதியும் அவரைச் சொந்தப் பிள்ளையாகவே எண்ணியது. 2009-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் வால்டெஸ், புயோல், பீக்கே, புஸ்கெட்ஸ், சாவி, இனியஸ்டா, மெஸ்ஸி என எழுவர் அங்கு வளர்ந்தவர்கள். 2012 நவம்பரில் லெவான்டே கழகத்தோடு ஆடியபோது, பதினான்காம் நிமிஷத்தில் டானி ஆல்வெஸ் காயமுற்று வெளியேறி மோன்டோயா உள்ளே வர, களத்திலிருந்த பதினொருவரும் லா மாசியாவில் ஆட்டம் கற்றவர்களாயினர். ஆட்டம் 4-0 என்று முடிந்தது. இதைச் சொல்லி மகிழ்வோர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. அந்தப் பதினொருவருள் பீக்கே, ஃபாப்ரெகாஸ், அல்பா ஆகிய மூவரும் இளம்பருவத்தில் அங்கிருந்து வெளியே போய், பின்பு பெரும்பணம் கொடுத்துத் திரும்ப வாங்கப்பட்டவர்கள்.

பணம் என்று சொன்னதும் விதியின் பலவீனத்துக்கு வந்துவிட்டோம். சிறுவனை வளர்க்கும் கழகத்துக்கு நன்மை செய்யவென்று பிறந்த விதி, வளர்ந்துகொண்டிருக்கும் சிறுவனைப் பதினைந்து பதினாறு வயதில் கவர்ந்துகொள்ளச் செல்வக் கழகங்களுக்கு ஒரு புதிய காரணத்தைக் கொடுத்தது. வயது ஏற ஏற 21-க்குள் மூன்று ஆண்டு நிறைவது அரிதாகும், பதினாறில் வாங்கினால் நிச்சயம் நிறையும். எட்டு வயது முதல் அவனைப் பயிற்றுவித்த சிற்றூர்க் கழகத்துக்கு விதியின் கணக்கில் இடமே இல்லை. இன்னொரு பக்கம், உள்ளே வளர்ந்தவர் என்னும் முத்திரைக்கே சந்தையில் தனி விலை ஏறிற்று. அந்த முத்திரையோடு ஆடவே வாய்ப்பில்லாத மூன்றாம் கோல் காவலர்கள் பெரிய கழகங்களில் பட்டியல் நிரப்பும் உத்தியோகம் பார்க்கலானார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரி முதல் ஆங்கிலக் கழகங்கள் 18 வயது நிரம்பாத வெளிநாட்டுச் சிறுவரைச் சேர்க்க முடியாது. ஃபாப்ரெகாஸ் போன வழி அந்நாட்டளவில் அடைபட்டுவிட்டது. சிறுவர்களை முறையாக வளர்த்துக் காட்டிய ஜெர்மனியோ, 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் தன் பிரிவில் கடைசியாக வந்த அவமானத்துக்குப் பின், மேல்வகுப்புக் கழகம் ஒவ்வொன்றும் பயிற்சிக்கூடம் நடத்தியாக வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. ஆட்களை எண்ணும் விதியைவிடக் கூடங்களைக் கட்டவைத்த விதி அதிகம் சாதித்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

எந்தச் சட்டமும் கேளாமலே, 1912-ஐ ஒட்டிய காலமுதல் பாஸ்க் தேசத்தாரை மட்டுமே கொண்டு ஆடிவரும் பில்பாவோ நகரின் அத்லெடிக் கழகம் ஒன்று இருக்கிறது. அதன் சம்பிரதாயம் எழுதப்பட்ட விதியன்று. காலப்போக்கில் நெகிழ்ந்து, பாஸ்க் மண்ணிற் பிறந்தவர் என்பதோடு அங்கே ஆட்டம் கற்றவர் என்பதையும் உள்ளடக்கிக்கொண்டது. ஆகவேதான் கானா நாட்டுப் பெற்றோருக்குப் பில்பாவோவில் பிறந்த இனாக்கி வில்லியம்ஸும், பிரான்ஸிற் பிறந்த லபோர்த்தும் அதன் சட்டையை அணிய முடிந்தது. அண்டை நகரத்து ரியால் சோசியதாத் அதே வழக்கத்தைக் காத்துவந்து, 1989-இல் ஜான் ஆல்ட்ரிஜ் என்னும் லிவர்பூல்காரரை வாங்கியதோடு கைவிட்டது. ஸ்பெயினில் ரியால் மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இரண்டையும் போலவே அத்லெடிக்கும் முதல் வகுப்பிலிருந்து ஒருநாளும் கீழிறங்கியதில்லை. 2024 ஏப்ரலில் மயோர்காவைப் பெனால்ட்டிகளில் வென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்பானிய அரசர் கோப்பையை எடுத்தபோது நதியில் படகேற்றி அதைக் கொண்டாடினார்கள்.

சட்டத்தின் கதை மீண்டும் பெல்ஜியத்துக்கே திரும்பிற்று. ஆன்ட்வெர்ப் கழகமும் அதன் ஆட்டக்காரர் ஒருவரும், பெல்ஜியச் சங்கமும் யுஇஎஃப்ஏவும் வைத்திருக்கும் உள்வளர்ப்பு விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று வழக்குத் தொடர, பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கிடம் கருத்துக் கேட்டது. 2023 மார்ச்சில் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞர்களுள் ஒருவரான ஷ்புனார், கழகமே வளர்த்தவனைக் கேட்பது நியாயம், அதே நாட்டில் வேறு கழகம் வளர்த்தவனையும் அக்கணக்கிற் சேர்ப்பது நியாயமன்று என்னும் பொருள்பட அபிப்பிராயம் சொன்னார். டிசம்பர் 21-இல் வந்த தீர்ப்பு அவ்வளவு தெளிவாகப் பிரிக்கவில்லை. விதிகள் போட்டியையும் தொழிலாளரின் நடமாட்டத்தையும் தடுப்பனவாகலாம், பயிற்சியை அவை மெய்யாகவே வளர்க்கின்றன என்று காட்டப்பட்டாலன்றி நிற்கமாட்டா என்று சொல்லி, முடிவைப் பிரஸ்ஸல்ஸிடமே விட்டது.

ஷ்புனார் சொன்னதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. கழகத்தில் வளர்ந்த நால்வர் என்னும் பாதி, ஒருவனைத் தன்னுடையவன் என்று சொல்லிக்கொள்ள விரும்பும் கழகம் அவனுக்காக உழைத்திருக்க வேண்டுமென்று கேட்கிறது. அதில் வஞ்சகம் இல்லை. சங்கத்தில் வளர்ந்த நால்வர் என்னும் பாதி, பக்கத்து ஊர்க் கழகம் பட்ட பாட்டைப் பணம் கொடுத்து வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அனுமதிக்கிறது. அதனால் காக்கப்படுவது பயிற்சியன்று, 1930-இல் டோவர் கரையிற் போடப்பட்ட அதே நாட்டெல்லைதான். முதற்பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவதே நேர்மை. பிரீமியர் லீக் கைக்கொண்டிருப்பதோ இரண்டாம் பாதியை மட்டுமே.